ஒரு சுங்குடிக் கடையும் சில மஞ்சள் எச்சரிக்கைகளும்

மதுரை தெற்கு மாசி வீதியில் என் தாய்மாமா நடத்தும் சுங்குடிப் புடவைக் கடையின் இணையதளத்தை 2022ஆம் ஆண்டிலிருந்து நான்தான் கவனித்து வருகிறேன். எனக்குத் தொழில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவது. நிரல் எழுதுவதை முறையாகப் படித்தவன் அல்லன். ஒருநாள் இரவு கடையை மூடிய பிறகு மாமாவும் நானும் கைப்பேசியில் புடவை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, வேறொரு கடையின் பக்கம் விலையோடும் ‘இருப்பில் உள்ளது’ என்ற குறிப்போடும் தேடல் முடிவில் வந்தது. அதற்கு இரண்டு இடம் கீழே எங்கள் பக்கம், தலைப்பும் பாதியில் அறுந்த ஒரு வரியுமாக நின்றது. “நம்மது மட்டும் ஏன் மாப்ள மொட்டையா வருது? அதுக்குத் தனியாக் காசு கட்டணுமா?” என்று மாமா கேட்டார். காசு கட்ட வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியும்; என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதற்குள் நான் செய்த தவறுகளையும், எங்கள் பெயரில் பிறர் செய்த ஒரு தவறையும் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கடையிடம் இருந்ததும் எங்களிடம் இல்லாததும், பேச்சு வழக்கில் ‘ஸ்கீமா’ என்று அழைக்கப்படும் ஸ்ட்ரக்சர்டு டேட்டா. பக்கத்தில் 1,250 என்று இருந்தால் அது புடவையின் விலை என்று படிக்கிறவருக்குப் புரிந்துவிடும். தேடுபொறியோ அது விலையா, புடவையின் வரிசை எண்ணா என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஊகத்துக்கு இடம் வைக்காமல், இது பொருளின் பெயர், இது விலை, இது நாணயம், இது கடையின் முகவரி என்று எல்லாத் தேடுபொறிகளும் அறிந்த பொதுப் பெயர்களில் குறித்துக் கொடுப்பதே இதன் வேலை. கூகுள், பிங், யாஹூ ஆகிய மூன்றும் சேர்ந்து 2011 ஜூன் மாதம் ஸ்கீமா டாட் ஆர்க் என்ற தளத்தில் அந்தப் பெயர்த் தொகுதியை வெளியிட்டன. ரஷ்யாவின் யாண்டெக்ஸும் அதே ஆண்டில் சேர்ந்துகொண்டது. கணக்கெழுதுகிறவனாகிய எனக்கு இது பேரேட்டுத் தலைப்புகளை ஒத்ததாகவே தோன்றியது. யார் கணக்கு எழுதினாலும் ‘வாடகை’ என்ற தலைப்பின் கீழ் வாடகைதான் வர வேண்டும்.

இதை எழுத மூன்று முறைகள் இருக்கின்றன. மைக்ரோடேட்டாவும் ஆர்டிஎஃப்ஏவும் பக்கத்தின் நிரலுக்குள் ஊடும் பாவுமாகக் கலந்து ஓடுபவை. ஜேசன்-எல்டி அப்படியன்றி, பக்கத்தின் ஓரிடத்தில் தனிக் கட்டாக அமர்ந்துகொள்ளும். கூகுள் பரிந்துரைப்பதும் இதைத்தான். எங்கள் பழைய தளத்தில் மைக்ரோடேட்டா இருந்திருக்கிறது. தளத்தின் தோற்றத்தை அமைக்கும் ‘தீம்’ என்ற வார்ப்புருவை மாற்றியபோது அது முழுவதும் அறுந்து போயிருக்கிறது என்பதை நான் வெகுகாலம் கழித்தே கண்டுபிடித்தேன். தனிக் கட்டாக இருந்திருந்தால் தீம் மாறியபோது அதை அப்படியே எடுத்து வைத்திருக்கலாம்.

மாமாவுக்கு நான் முதலில் விளக்க வேண்டியிருந்த செய்தி, ஸ்கீமா எழுதினால் எங்கள் பக்கம் மேலே ஏறிவிடாது என்பதுதான். பொதுவான தரவரிசையில் அதற்கென்று தனி மதிப்பெண் இல்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. விலை, இருப்பு, நட்சத்திரம் போன்ற கூடுதல் விவரங்களோடு தோன்றுவதற்கான தகுதியை அது பக்கத்துக்குத் தருகிறது. தகுதி இருந்தாலும் காட்டுவதும் காட்டாததும் தேடுபொறியின் விருப்பம். அப்படியானால் எதற்கு இவ்வளவு பாடு என்று மாமா கேட்டார். நான்காம் இடத்தில் நின்றாலும் விலையோடு நிற்கிறவனைத் தேடி வருகிறவர், விலை தெரிந்தே வருகிறார் என்றேன். கடை வாசலில் விலைச்சீட்டுத் தொங்கவிடும் பழக்கம் உள்ளவர் என்பதால் அவருக்கு அது உடனே பிடிபட்டது.

முதல் வாரத்தில் கடையின் விவரங்களை எழுதினேன். பொதுவாக ‘உள்ளூர் வணிகம்’ என்று எழுதுவதைவிட, அதன் உட்பிரிவாகிய ‘ஆடைக் கடை’ என்ற வகையைத் தேர்ந்தெடுப்பதே சரி. பெயர், முகவரி, தொலைபேசி எண், கடை இருக்கும் புள்ளி, திறக்கும் நேரம் என்று எல்லாவற்றையும் நிரப்பி, ஸ்கீமாவைச் சரிபார்க்கும் சோதனைக் கருவியில் கொடுத்தேன். பிழை ஏதுமில்லை என்று பச்சையில் வந்தது. நிம்மதியாகப் படுத்துவிட்டேன்.

அதில் இரண்டு பெரிய பிழைகள் இருந்தன. மதுரையின் அட்சரேகை ஏறக்குறைய 9.92, தீர்க்கரேகை 78.12. நான் அவற்றை இடம் மாற்றி எழுதியிருந்தேன். அந்தக் கணக்கின்படி எங்கள் கடை நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால் கடலுக்குள் இருந்தது. 78 என்பது அட்சரேகையாகவும் இருக்கக்கூடிய எண்தான் என்பதால் கருவி வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது பிழை நேரத்தில். ‘காலை 10 முதல் இரவு 9 வரை’ என்று மாமா சொன்னதை நான் 10:00, 09:00 என்று எழுதிவிட்டேன். 21:00 என்று எழுதியிருக்க வேண்டும். நள்ளிரவைத் தாண்டித் திறந்திருக்கும் கடைகளுக்காக, மாலை தொடங்கி மறுநாள் அதிகாலை முடியும் நேரத்தையும் ஸ்கீமா ஏற்றுக்கொள்கிறது. ஆகவே காலை 10 மணிக்குத் திறந்து மறுநாள் காலை 9 மணிக்கு மூடுவதாக, நாளுக்கு 23 மணி நேரம் எங்கள் கடை திறந்து கிடந்தது. தூங்கா நகரம் என்ற பெயருக்கு நாங்கள் செய்த பங்களிப்பு அது. கருவி இலக்கணத்தைத்தான் பார்க்கும், உண்மையைப் பார்க்காது என்பதை அன்றிலிருந்து நினைவில் வைத்திருக்கிறேன். இப்போது எழுதி முடித்ததும் புள்ளியை மேப்பில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

நேரத்தைத் திருத்திய பிறகும் ஒரு சிக்கல் தீரவில்லை. கடைக்கு ஞாயிறு விடுமுறை. சிவகங்கையிலிருந்து ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வந்து, பூட்டிய கதவின் முன்னால் நின்று மாமாவை அழைத்தார்கள். ஸ்கீமாவில் ஞாயிறு விடுமுறை என்று தெளிவாக இருந்தும் கூகுளில் திறந்திருப்பதாகவே காட்டியது. நான்கு நாள் நிரலைக் குடைந்த பிறகுதான், கடையின் பெயரைத் தேடும்போது பெட்டியாகத் தோன்றுவதிலும் மேப்பிலும் வரும் நேரம் பெரும்பாலும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்ற, கடைகளுக்கான கூகுளின் தனி விவரப் பக்கத்தில் பதிந்த நேரம் என்று உறைத்தது. அதை ஆண்டுகளுக்கு முன் யாரோ ஏழு நாளும் திறந்திருக்கும் என்று பதிந்து வைத்திருந்தார்கள். அங்கே திருத்த இரண்டு நிமிடம் ஆயிற்று. சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றி வரும் நாளில் எங்கள் வீதியில் ஆள் நுழையவே இடமிருக்காது. அன்றைக்கான மாற்று நேரத்தை இப்போது இரண்டு இடங்களிலும் முன்கூட்டியே தேதி குறித்துப் பதிந்துவிடுகிறேன்.

இன்னொரு குழப்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தளம் இயங்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் நான் சேர்த்த பிளகின் என்ற துணை நிரல் ஒரு கடை விவரத்தை எழுதியது. புதிய தீமும் தன் பங்குக்கு ஒன்றை எழுதியது. இரண்டிலும் தொலைபேசி எண் வேறு வேறு. பக்கத்தின் மூல நிரலைத் திறந்து எத்தனை கட்டுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து ஒன்றை அணைத்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எதையும் எழுதுவதற்கு முன்பு இதைத்தான் பார்க்க வேண்டும்.

புடவைகளின் பக்கங்களுக்கு வந்தபோதுதான் வேலை உண்மையில் தொடங்கியது. முதலில், இருபதுக்கும் மேற்பட்ட புடவைகள் வரிசையாக இருக்கும் பட்டியல் பக்கத்தில் ‘பொருள்’ என்ற ஒரே கட்டை வைத்து அதில் ஒரு விலையைப் போட்டிருந்தேன். அது தவறு, ஒரு பக்கம் ஒரு பொருளைப் பற்றியதாக இருந்தால்தான் அந்தக் கட்டுக்கு அர்த்தம் உண்டு. ஒவ்வொரு புடவைக்கும் தனிப் பக்கம் உண்டாக்கினேன். அடுத்து விலையை ‘₹1,250’ என்று எழுதினேன். விலைக் களத்தில், அதாவது கட்டில் விலையை எழுதும் இடத்தில், எண் மட்டுமே வர வேண்டும். காற்புள்ளியும் கூடாது, ரூபாய்க் குறியும் கூடாது. நாணயத்துக்குத் தனிக் களம் இருக்கிறது, அதில் ஐஎன்ஆர் என்ற மூன்றெழுத்துக் குறியை ஆங்கில எழுத்துகளில் எழுத வேண்டும். அதைத் திருத்தியதும், அந்தக் கட்டையே படிக்க முடியவில்லை என்று, தளத்தின் நிலையை உரிமையாளருக்குத் தெரிவிக்கும் கூகுளின் சர்ச் கன்சோல் சிவப்பில் சொன்னது. காரணம் மேற்கோள் குறி. நான் கட்டின் மாதிரியை வேர்டு கோப்பில் சேமித்து வைத்து அங்கிருந்து நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். வேர்டு நேர்க் குறிகளை எல்லாம் அழகான வளைந்த குறிகளாக மாற்றி வைத்திருந்தது. ஜேசனுக்கு நேர்க் குறிதான் வேண்டும். கடைசிக் களத்துக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி மிஞ்சினாலும் கட்டு முழுவதும் வீணாகும். இன்றும் இவற்றை நோட்பேடில்தான் வைத்திருக்கிறேன்.

தமிழில் எழுதினால் தேடுபொறிக்குப் புரியுமா என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். களங்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தேதி, நேரம், நாணயம், நாட்டுக் குறி ஆகியவை விதித்த வடிவத்தில் இருக்க வேண்டும். மற்றபடி புடவையின் பெயரும் விவரமும் வீதியின் பெயரும் தமிழிலேயே இருக்கலாம். தமிழ்ப் பக்கத்தின் கட்டில் தமிழ், ஆங்கிலப் பக்கத்தின் கட்டில் ஆங்கிலம் என்று பிரித்துக்கொண்டேன். சுங்குடி என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். கடையின் பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டலைத் தேர்ந்து அதையே எல்லா இடத்திலும் வைத்து, மற்றொன்றை ‘மாற்றுப் பெயர்’ என்ற களத்தில் போட்டேன்.

பெயரிடுவதில் மாமா எனக்குக் கற்றுக்கொடுத்ததும் ஒன்று உண்டு. நான் எல்லாப் புடவைக்கும் ‘மதுரைச் சுங்குடிப் புடவை’ என்றே பெயர் போட்டிருந்தேன். 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெயர் அது. துணியைச் சிறு சிறு புள்ளியாகக் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்த்து எடுப்பது ஒரு வகை. அந்தப் புள்ளிகளை அச்சில் பதித்து எடுப்பது இன்னொரு வகை. விலையில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. “பிரிண்டைப் போட்டு மதுரைச் சுங்குடின்னு மட்டும் எழுதுனா, வாங்குறவங்க கையால முடிச்சது மலிவா வருதுன்னு நெனச்சுருவாங்க, பேரை மாத்து” என்றார். கையால் முடிச்சிட்டது, பிரிண்ட் என்று பெயரிலேயே பிரித்தேன். பிரிண்ட் புடவைகள் ஒரே வடிவம் பல நிறங்களில் வருபவை. அவற்றை ஒரு குடும்பமாகக் கட்டிக் காட்டும் வசதியைக் கூகுள் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்ததும் அதற்கு மாறிக்கொண்டோம்.

கையால் முடிச்சிட்டவை அப்படியல்ல. ஒன்றைப் போல இன்னொன்று வராது, விற்றுவிட்டால் தீர்ந்தது. சென்னையிலிருந்து ஓர் அம்மா அழைத்து, அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை போட்ட புடவை இருப்பில் உள்ளதாகக் கூகுளில் பார்த்தேன், மகளின் வளைகாப்புக்கு வேண்டும் என்றார். அந்தப் புடவை ஒன்பது நாளுக்கு முன்பே விற்றிருந்தது. பக்கத்தில் ‘விற்றுவிட்டது’ என்று நான் எழுதியிருந்தேன். கட்டுக்குள் ‘இருப்பில் உள்ளது’ என்பதை மாற்ற மறந்திருந்தேன். வாடிக்கையாளர் கண்ணில் படுவதும் கட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. அந்த அம்மாவின் ஏமாற்றத்தைக் கேட்ட பிறகு விதி எனக்குத் தேவைப்படவில்லை.

ஒரே செய்தியை இரண்டு இடத்தில் கையால் எழுதினால் ஒருநாள் இரண்டும் வேறுபடும் என்பது கணக்குத் தொழிலின் அரிச்சுவடி. அதை நான் இங்கே மறந்திருந்தேன். இப்போது கடையின் இருப்புப் பதிவேடு ஒரு கூகுள் ஷீட்டாக இருக்கிறது. புடவை விற்றதும் கடைப் பையன் அதில் ஒரு கட்டத்தை மாற்றுகிறான். பக்கத்தில் தெரியும் வரியும் ஸ்கீமா கட்டும் அந்த ஒரே வரிசையிலிருந்து உருவாகின்றன. தீபாவளித் தள்ளுபடிக்கு விலையைக் குறைத்தாலும் அங்கேதான் குறைக்கிறோம். விற்ற புடவையின் பக்கத்தை நீக்குவதில்லை. ‘இருப்பில் இல்லை’ என்று வைத்துவிட்டு, அதே நிறத்தில் வேறு புடவைகளுக்கு வழி காட்டுகிறோம்.

மேலே சொன்ன பிறர் தவறு 2024இல் நடந்தது. எனக்கு மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நெருக்கடி. மூன்று மாதத்துக்குத் தளத்தை ஒரு நிறுவனத்திடம் மாமா ஒப்படைத்தார். சோதனைக் கருவியில் சிவப்பு நிறம் பிழையைக் குறிக்கும், அதைத் திருத்தாவிட்டால் தகுதி இல்லை. மஞ்சள், இருந்தால் நல்லது என்ற எச்சரிக்கை மட்டுமே. எங்கள் புடவைப் பக்கங்களில் மூன்று மஞ்சள்கள் எப்போதும் நிற்கும்: விமர்சனம் இல்லை, சராசரி மதிப்பீடு இல்லை, பட்டைக்கோட்டில் வரும் உலகப் பொருள் எண் இல்லை. அந்த நிறுவனத்தார் மஞ்சளே இல்லாத பக்கத்தைக் காட்டிப் பெயர் வாங்க எண்ணி, ஒவ்வொரு புடவைக்கும் 4.9 நட்சத்திரம், நூற்றுக்கணக்கான விமர்சனங்கள் என்று கட்டில் எழுதிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு விமர்சனம்கூடக் கிடையாது. பட்டைக்கோடே இல்லாத கைத்தறிப் புடவைக்கு ஒரு பொருள் எண்ணையும் கற்பனை செய்திருந்தார்கள். போதாததற்குக் கடைக்கே ஐந்து நட்சத்திரம். தன் கடைக்குத் தன் தளத்திலேயே தான் போட்டுக்கொள்ளும் நட்சத்திரத்தைக் கூகுள் 2019 செப்டம்பரிலேயே காட்டுவதை நிறுத்திவிட்டது என்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

சில வாரங்கள் நட்சத்திரங்கள் மின்னின. மாமா எனக்குப் படம் பிடித்து அனுப்பி மகிழ்ந்தார். பிறகு சர்ச் கன்சோலில் ‘மேனுவல் ஆக்‌ஷன்’ என்ற, கூகுளின் ஆட்களே பார்த்து எடுக்கும் நடவடிக்கையின் அறிவிப்பு வந்தது; நட்சத்திரத்தோடு விலையும் இருப்பும் சேர்ந்தே மறைந்தன. இந்த நடவடிக்கையால் தேடலில் பக்கத்தின் இடம் குறைவதில்லை, கூடுதல் விவரங்களோடு தோன்றும் தகுதிதான் போகும். ஆனால் இரண்டு ஆண்டு உழைப்பு முழுவதும் அந்தத் தகுதிக்காகவே இருந்தது. எல்லாப் பக்கங்களிலிருந்தும் பொய்யான களங்களை நீக்கி, எதை யார் சேர்த்தார்கள், எதை நீக்கினோம் என்று மறைக்காமல் எழுதி மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தேன். சில மாதிரிப் பக்கங்களை மட்டும் திருத்தி அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருந்த பிறகு நடவடிக்கை நீங்கியது. விலைகள் திரும்பத் தோன்ற இன்னும் சில நாள் ஆயிற்று. தளத்தை வேறொருவரிடம் கொடுக்கிறவர்கள் சர்ச் கன்சோலின் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். அது என் பெயரில் இருந்ததால்தான் அறிவிப்பு என்னை எட்டியது.

அதே நிறுவனம், ‘சித்திரைத் திருவிழாத் தள்ளுபடி’யை ‘நிகழ்வு’ என்ற வகையில் குறித்து, தேதியோடு தேடலில் வரவைக்கலாம் என்றும் சொல்லியிருந்தது. தள்ளுபடி விற்பனையை நிகழ்வாகக் குறிக்கக் கூடாது என்று கூகுளின் வழிகாட்டுதல் வெளிப்படையாகவே சொல்கிறது. நல்லவேளையாக அது பேச்சோடு நின்றது.

கூகுள் கொடுத்ததைத் தானே எடுத்துக்கொள்வதும் உண்டு. சுங்குடியை எப்படித் துவைப்பது, சாயம் போகுமா, கஞ்சி போட வேண்டுமா என்று பத்துக் கேள்வி பதில்களை எழுதி, ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ என்ற வகையில் குறித்திருந்தேன். தேடல் முடிவின் கீழே அவை விரிந்து தோன்றியபோது மாமாவுக்குப் பெருமை. 2023 ஆகஸ்டில், அரசு மற்றும் மருத்துவம் சார்ந்த நம்பகமான தளங்களுக்கு மட்டுமே இனி அதைக் காட்டுவோம் என்று கூகுள் அறிவித்தது, எங்களுடையவை மறைந்தன. கேள்வி பதில்களைப் பக்கத்திலிருந்து நான் எடுக்கவில்லை. வாங்கியவர்கள் அவற்றைப் படிக்கிறார்கள், துவைப்பது பற்றி அழைக்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்தையே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். வாசகருக்குப் பயன்படாமல் தேடலுக்காக மட்டும் எழுதியிருந்தால் அன்றே அது குப்பையாகியிருக்கும்.

எங்கள் தளத்தில் பணம் செலுத்தி வாங்கும் வசதி இல்லை. வாட்ஸ்அப்பில் பேசித்தான் அனுப்புகிறோம். அந்தப் பக்கத்திலேயே வாங்க முடிந்தால் மட்டுமே கிடைக்கும் வணிகப் பட்டியல் தோற்றம் ஆகவே எங்களுக்கு வராது. அதற்காக ஏங்குவதை நிறுத்திவிட்டோம்.

மஞ்சள் எச்சரிக்கைகள் இன்றும் நிற்கின்றன. மாதம் ஒருமுறை மாமா எட்டிப் பார்த்து, “இன்னும் போகலையா மாப்ள?” என்பார். வாங்கியவர்கள் உண்மையாகவே கருத்து எழுதும் பெட்டி ஒன்றை ஒவ்வொரு புடவைப் பக்கத்திலும் வைத்தேன். வெகுநாள் யாரும் எழுதவில்லை. அண்மையில் திருநெல்வேலியிலிருந்து வாங்கிய ஒருவர் பிரிண்ட் புடவை ஒன்றுக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்து, நிறம் அருமை, முதல் துவைப்பில் சாயம் கொஞ்சம் போனது என்று எழுதினார். அந்தப் பக்கத்தில் விமர்சனத்துக்கான மஞ்சள் தானாகவே மறைந்தது. “சாயம் போச்சுன்னு எழுதுனதும் கூகுள்ல தெரியுமா?” என்று மாமா கேட்டார். பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், தேடலில் நட்சத்திரமும் வரலாம் என்றேன். சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், முதல் முறை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தனியாக அலசச் சொல்லும் வரியைச் சீட்டாக அச்சடித்து இனி ஒவ்வொரு புடவையோடும் வைக்க வேண்டும் என்று கடைப் பையனைக் கூப்பிட்டுச் சொன்னார்.